சிறுதொழிலும் அயலார் நுட்பமும்

கள்ளக்குறிச்சி நகரினின்று மேற்கு நோக்கிச் செல்வார்க்குக் கல்வராயன் மலைத்தொடர் நெடுந்தொலைவிலிருந்தே நீலநிறமாய்த் தோன்றும். கிழக்குத் தொடர்ச்சி மலைகளைச் சேர்ந்த இம்மலையைச் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என இரு கூறாகப் பகுத்து வழங்குவர். கோமுகியும் மணிமுத்தாறும் இதன் சரிவுகளிற் பிறந்து வெள்ளாற்றிற் சென்று கலக்கின்றன. மலைமேல் வாழும் பழங்குடியினர்க்கு மலையாளிகள் என்று பெயர். பெயரைக் கேட்டு மயங்குவார் உளர். அவர்கள் பேசுவது தமிழே. இப்பகுதி முன்னாளில் தென்னார்க்காட்டைச் சேர்ந்திருந்து, பின் விழுப்புரத்தைச் சேர்ந்து, 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சியைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டத்தின்பாற் பட்டது. மலைமேல் மானாவாரியாகவும், அடிவாரத்திற் கிணற்றுப் பாசனத்தாலும் மரவள்ளி பயிராகின்றது. அக்கிழங்கு லாரிகளில் ஏறிச் சின்னசேலம், ஆத்தூர், சேலம் ஆகிய ஊர்ப்பக்கத்து ஆலைகளை அடைந்து, ஜவ்வரிசியாகவும் ஸ்டார்ச்சு மாவாகவும் உருமாறுகின்றது. சாலையோரத்துக் களங்களில் வெண்மணிகள் வெயிலிற் காய்ந்து கிடக்கும் காட்சியை அவ்வழிச் செல்வார் பலரும் கண்டிருப்பர்.

இவ்வாலைகளிற் பல சிறியவை. தந்தையும் மக்களும் மருமக்களும் கூடி நடத்துபவை. நம் கல்லூரியிற் பயில்வாருள்ளும் பயின்று சென்றாருள்ளும் இத்தகைய குடும்பத்தினர் உளர். வேறு பலர் கணினி நூல் கற்று, அக்கல்வியைக் கொண்டு பிறர்க்கு வேலை செய்து வாழக் கருதுவோர். முன்னவர் நுட்பம் வேண்டி நிற்பவர்; பின்னவர் நுட்பம் விற்க நிற்பவர். இவ்விரு திறத்தாரும் கூடுமிடத்து விளையும் நன்மையும் உண்டு, இடர்ப்பாடும் உண்டு. சிறுதொழில் செய்வோர் தமக்குத் தெரியாத நுட்பத்திற்கு அயலாரை எவ்வாறு அமர்த்துதல் வேண்டும், எவற்றைத் தம் கையிலேயே வைத்துக்கொள்ளுதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

இதற்கு மேனாட்டு வணிக நூல்களைத் தேடிச் செல்லவேண்டுவதில்லை. ஜவ்வரிசித் தொழிலின் பிறப்பே தக்க உதாரணமாகும். மரவள்ளி தென்னமெரிக்காவினின்று வந்த பயிர். திருவாங்கூரில் 1880 முதல் 1885 வரை அரசு புரிந்த விசாகம் திருநாள் மகாராஜா அதனைத் தம் குடிகளிடையே பரப்பினார். எனினும் நம்மவர் உண்டுவந்த ஜவ்வரிசி நெடுங்காலம் மலேயா முதலிய கீழ்த்திசை நாடுகளினின்று கப்பலேறி வந்ததே. ஆங்கு முதலில் சேகோ என்னும் ஒருவகைப் பனையின் உட்சோற்றினின்று அதனைச் செய்தனர். பின்னர் மரவள்ளி மாவினின்றும் செய்யலாயினர். 1942-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஜப்பானியர் மலேயாவையும் சிங்கப்பூரையும் கைப்பற்றவே, அவ்வழிச் சரக்கு வரத்து நின்றுபோயிற்று. வாங்குவார் இருந்தனர், பண்டம் இல்லை.

அந்நிலையில், வியாபார நிமித்தமாகக் கேரள நாட்டிற்குச் சென்றுவந்த சேலத்து வணிகர் மாணிக்கம் செட்டியார் என்பார், மரவள்ளி மாவிற்கு ஒரு வருங்காலம் உண்டெனக் கண்டார். எப்பண்டத்திற்குக் கிராக்கி உண்டு என்பது அவர்க்குத் தெரியும். கிழங்கு எங்கே கிடைக்கும் என்பதும் தெரியும். மாவைத் திரட்டி மணியாக்கும் வகை மட்டும் தெரியாது. மலேயாவின் பினாங்கிலிருந்து வந்த போபட்லால் ஷா என்பார் அவ்வகையை அறிந்திருந்தார். இருவரும் கூடி 1943-இல் சேலத்தில் அத்தொழிலைத் தொடங்கினர். தொடக்கத்தில் யாவும் கைவேலையே. பின்னர் வேங்கடாசலக் கவுண்டர் என்னும் இயந்திரவினைஞர் இவர்களோடு சேர்ந்து, கைவேலைக்கு மாற்றாகப் பொறிகளைச் சமைத்தும் திருத்தியும் கொடுத்தார். சேலத்து ஆலையுலகம் இம்மூவரையும் சேர்த்தே இன்றும் நினைவுகூர்கின்றது.

இதன்கண் நாம் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. ஜவ்வரிசி செய்யும் முறையைச் சொல்லளவில் உரைப்பது எளிது. கிழங்கின் தோலை உரித்துக் கழுவி, அரைத்து, நீர்விட்டுச் சலித்துத் திப்பியைப் பிரித்துவிட்டால், பால் போன்ற நீர் தொட்டியிற் சேரும். சில மணி நேரத்தில் மாவு அடியிற் கட்டியாய்ப் படியும். மேல்நீரை இறுத்து, மாவைச் சற்றே உலர்த்தி உதிர்த்து, துணித்தொட்டிலில் இட்டுக் குலுக்க, அது மணிமணியாய்த் திரளும். அம்மணியைச் சல்லடையிற் பருமன் பிரித்து, சூடேறிய தகட்டில் வறுத்தோ ஆவியில் வேகவைத்தோ, களத்திற் காயவைத்தல் வேண்டும். இவ்வளவே. ஆயினும், மாவில் ஈரம் எவ்வளவு இருக்கும்போது குலுக்குவது, தொட்டிலை எவ்வளவு விசையோடு ஆட்டுவது, எந்த வெயிலுக்கு எத்தனை நாழிகை என்பனவெல்லாம் ஏட்டில் அடங்கா. ஷா அறிந்திருந்தது மலேயாவின் கிழங்கும் மலேயாவின் வெயிலும். அவ்வறிவைச் சேலத்துக் கிழங்கிற்கும் சேலத்து வெயிலுக்கும் பொருத்தியது உள்ளூர்க் கை. அயலார் நுட்பம் வந்து போயிருந்தால் ஓர் ஆலையோடு நின்றிருக்கும். அது வந்து தங்கியதனாலேயே ஒரு வட்டாரம் முழுதும் பரவிற்று.

வெளியிலிருந்து வரும் உதவிக்கு இவ்வட்டாரத்தில் அண்மையிலும் ஓர் அரிய உதாரணம் உண்டு. அவ்வுதவியாளர் ஒரு குளவி என்றால் வாசகர் வியப்பர். தென்னமெரிக்காவைப் பிறப்பிடமாகவுடைய மரவள்ளி மாவுப்பூச்சி, 1970-களில் ஆப்பிரிக்காவிற் புகுந்து பெருநாசம் விளைத்தது. ஹான்ஸ் ஹெரன் என்னும் சுவிட்சர்லாந்து அறிஞரும் அவருடன் உழைத்தவர்களும் அப்பூச்சியின் தாயகத்திற்கே சென்று தேடி, அதன் இயற்கைப் பகையாகிய அனகைரஸ் லோபெசி என்னும் நுண்குளவியைக் கண்டெடுத்து ஆப்பிரிக்காவிற் பரப்பினர். அதற்காக ஹெரனுக்கு 1995-இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பெற்றது. அதே மாவுப்பூச்சி 2020-இல் கேரளத்திலும், தொடர்ந்து தமிழ்நாட்டிலும் காணப்பட்டது. சேலம், நாமக்கல், கள்ளக்குறிச்சி மாவட்டத்து மரவள்ளிக் கொல்லைகள் குருத்துச் சுருண்டு நின்றன. பெங்களூரிலுள்ள வேளாண் பூச்சி வளங்களுக்கான தேசிய நிலையத்தார் 2021-இல் ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து அக்குளவியை வரவழைத்தனர்.

வரவழைத்தவுடன் அதனைத் திறந்துவிட்டார்களோ எனின், இல்லை. முதலில் தனியறையில் அடைத்து வைத்தனர். நம் நாட்டுக்கு வேண்டிய பிற உயிர்களை அது தாக்குமோ என ஆராய்ந்தனர். பின்னர் அதனைப் பெருக்கினர். அதன்பின்னரே, 2022 மார்ச்சு மாதத்தில், கல்வராயன் மலைக்கு அணித்தாயுள்ள ஏத்தாப்பூர் மரவள்ளி மற்றும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையத்தில் அதனை வெளியிட்டனர். ஓர் எறும்பினும் சிறிய குளவிக்கு இத்துணைச் சோதனை வேண்டியிருக்க, தம் ஆலையின் கணக்கு முழுவதையும் ஒப்படைக்கப்போகும் ஒருவரை ஒரே நாளில், ஒரு தொலைபேசிப் பேச்சில் அமர்த்திவிடும் உரிமையாளர்களை என்னென்பது!

இன்று சிற்றாலைக்கு அயலார் நுட்பம் ஏன் வேண்டும் என்று வினவுவார் அருகியே இருப்பர். 2017 ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி நடைமுறைக்கு வந்ததிலிருந்து கணக்குகள் கணினி வழியே அரசுக்குச் செல்லவேண்டியனவாயின. 2023 ஆகஸ்டு 1 முதல், ஆண்டு விற்றுமுதல் 5 கோடி ரூபாய்க்கு மேற்பட்ட தொழில்கள் பிற வணிகர்க்கு விற்குஞ் சரக்கிற்கு மின்பட்டியலே எழுதுதல் வேண்டும் என்றாயிற்று. 5 கோடி என்றவுடன் பெருந்தொகையாகத் தோன்றும். மூட்டை மூட்டையாக வடநாட்டிற்குச் சரக்கு அனுப்பும் ஓர் ஆலைக்கு அது பெரிதன்று. எடைமேடை, கழிவுநீரினின்று எரிவாயு எடுக்கும் கலம், இணையதளம், சம்பளக் கணக்கு என நுட்பம் வேண்டுமிடங்கள் பெருகிவிட்டன. இவற்றிற்கெல்லாம் மாதச் சம்பளத்தில் ஆள் வைத்தல் சிற்றாலைக்கு இயலாது. ஆகவே அயலாரை அமர்த்துதல் தவிர்க்கவொண்ணாதது.

அமர்த்துமுன் செய்யத்தக்க முதற்காரியம், தமக்கு வேண்டுவது இன்னதெனத் தம் தொழிலின் சொற்களாலேயே எழுதி வைப்பதாகும். 'நல்ல சாப்ட்வேர் ஒன்று வேண்டும்' என்று கூறுதல் 'நல்ல மருந்து ஒன்று வேண்டும்' என்று வைத்தியரிடம் கூறுதலை ஒக்கும். இதன் அருமையை ஒரு கணக்கால் விளக்குவோம்.

மரவள்ளிக் கிழங்கிற்கு எடையை மட்டும் பார்த்து விலை தருவதில்லை. அதிலுள்ள மாவுச்சத்தைப் பார்த்தே விலை தருவர். இதனைப் பாயிண்டு என்பர். மாவு நீரினும் அடர்த்தி மிக்கது. ஆதலின் மாவுச்சத்து மிகுந்த கிழங்கை நீரில் அமிழ்த்தி நிறுத்தால் மிகுதியாக நிற்கும்; குறைந்தது குறைவாக நிற்கும். பள்ளியில் ஆர்க்கிமிடீஸ் தத்துவம் எனப் படித்ததே இது. இனி, பாயிண்டு ஒன்றிற்கு டன்னுக்கு 250 ரூபாய் விலை என வைத்துக்கொள்வோம். 28 பாயிண்டு உள்ள கிழங்கு டன் 7,000 ரூபாய் பெறும்; பத்து டன் ஏற்றிய ஒரு லாரி 70,000 ரூபாய் பெறும். பாயிண்டு ஒன்று குறைந்தால் 2,500 ரூபாய் குறையும்.

இவ்வாலைக்குக் கணினித் திட்டம் எழுத வந்த ஒருவர், பாயிண்டு என்பது முழு எண் போலும் என்று எண்ணி, தசமத்தை வெட்டிவிடும்படி எழுதிவிட்டார் என்று கொள்வோம். அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. 27.8 என நின்ற கிழங்கு சீட்டில் 27 என விழும். லாரியொன்றிற்கு 2,000 ரூபாய் பயிர் செய்தவன் கைக்கு வராது போம். வெள்ளிமலைப் பக்கத்தினின்று விடியுமுன் புறப்பட்டு வந்தவன், இயந்திரம் காட்டிய எண்ணை எதிர்த்து யாது கூறுவான்? உரிமையாளரோ அறிந்து செய்த பிழையன்று. ஆயினும் ஊரில் வருவது அவர்க்குப் பழி. கணினித் திட்டம் எழுதியவர் பெயர் யார்க்கும் தெரியாது. அடுத்த பருவத்தில் அக்கிழங்கு வேறோர் ஆலைக்குச் சென்றுவிடும். பாயிண்டு அளவையைப் பற்றிப் பயிரிடுவோர்க்கும் ஆலையார்க்கும் இடையே ஐயமும் வழக்கும் முன்னரே உண்டு. அறியாமல் எழுதிய ஒரு வரி அவ்வையத்தை உறுதிப்படுத்திவிடும்.

ஆகையால் எழுதிக் கொடுக்கும் தாளில் இங்ஙனம் இருத்தல் நலம்: பாயிண்டைத் தசமத்தோடு குறித்தல் வேண்டும், சீட்டில் மொத்த எடை, வண்டி எடை, மாதிரிக் கிழங்கின் எடை, நீரில் அதன் எடை, பாயிண்டு, விலை ஆகிய யாவும் தமிழில் அச்சாதல் வேண்டும், கொண்டுவந்தவர் தாமே பெருக்கிச் சரிபார்க்கக் கூடியதாக இருத்தல் வேண்டும், மின்சாரம் நின்றால் கையால் எழுதிய சீட்டைப் பின்னர் ஏற்ற வழி இருத்தல் வேண்டும். இவற்றில் ஒன்றேனும் கணினி நூலில் உள்ளதன்று. யாவும் ஆலையின் கணக்குப்பிள்ளை அறிந்தவை. அன்றியும், எடைமேடை 2009-ஆம் ஆண்டுச் சட்டமுறை எடையளவுச் சட்டத்திற்கு உட்பட்டது. அரசாங்க முத்திரை பெற்றது. கணினியோடு இணைக்கிறோம் என்று வந்தவர் அம்முத்திரையிற் கை வைத்தல் கூடாது என்பதையும் முன்னரே உரைத்துவிடுதல் வேண்டும்.

ஆளைத் தேர்ந்துகொள்வது எப்படி? விலை குறைவாகச் சொல்பவரைக் கொள்வது வழக்கமாயிருக்கிறது. நாம் வேறோர் அடையாளம் கூறுவோம். ஆலைக்கு நேரில் வந்து, கிழங்கு இறங்குவது முதல் மூட்டை ஏறுவது வரை பார்த்து, வினாக்கள் பல கேட்பவர் எவரோ அவரை முன்வைத்து எண்ணுதல் நன்று. கேளாமலே 'எல்லாம் முடித்துத் தருகிறேன்' என்பவரிடம் எச்சரிக்கை வேண்டும். அவர் முன்னர் வேலை செய்து கொடுத்த ஓரிரு சிறுதொழிலாரைக் கண்டு, வேலை நடந்ததா என்று மட்டுமன்றி, வேலை கெட்டபோது அவர் வந்தாரா என்றும் விசாரித்தல் வேண்டும். பின்னர்ச் சிறியதொரு வேலையை மட்டும் கொடுத்துப் பார்க்கலாம். எடைச்சீட்டு ஒன்றே போதும். கிழங்கு வரத்துக் குறைந்த மாதங்களில் இதனைச் செய்து, ஒரு மாதமேனும் பழைய நோட்டையும் புதிய கணினியையும் ஒருங்கே நடத்தி ஒப்பிடுதல் வேண்டும். வரத்து மிகுந்து லாரிகள் வரிசையில் நிற்குங்கால் புதுமுறையைத் தொடங்குவது அறுவடை நாளில் அரிவாள் வார்ப்பதை ஒக்கும்.

வெளியார் கூறும் நுட்பம் யாவும் கொள்ளத்தக்கதும் அன்று. வடநாட்டுச் சந்தை மிக வெண்மையான மணியை விரும்பியதனால், வெளுப்பூட்டும் இரசாயனங்களைக் கலக்கும் பழக்கம் இத்தொழிலிற் புகுந்தது. உணவுப் பாதுகாப்புத் துறையார் தலையிட நேர்ந்தது. மராட்டியத்திலும் குஜராத்திலும் நோன்பு நாளில் உண்ணும் பண்டம் அது என்பதை எண்ணும்போது இப்பழக்கம் மிக வருந்தத்தக்கது.

இனிச் சாவிகளைப் பற்றிக் கூறுவோம். ஆலையின் கிடங்குச் சாவியைக் கொத்தனாரிடம் கொடுத்துவிட்டு அவர் ஊருக்குச் சென்றபின் கதவைத் திறக்க அவரை எதிர்பார்த்து நிற்பார் எவருமிலர். ஆயின் கணினி விஷயத்தில் இதுவே நிகழ்கின்றது. இணையதளத்தின் பெயரைப் பதிவு செய்தவர் தம் பெயரிலேயே பதிந்துகொள்வார். மின்னஞ்சலைத் தொடங்கியவர் தம் தொலைபேசி எண்ணையே கொடுத்திருப்பார், ஓ.டி.பி. என வழங்கும் ஒருமுறை எண் ஒவ்வொரு தடவையும் அவர் கைக்கே செல்லும். வஞ்சகத்தால் அன்று, அவசரத்தால் இங்ஙனம் செய்வோரே மிகப் பலர். இரண்டாண்டு கழித்து அவர் வேற்றூரில் வேலை பெற்றுச் சென்றுவிட்டால், ஆலையார் தம் பெயர்ப்பலகையைத் தாமே மாற்ற இயலாதவராவர்.

இதற்குப் பரிகாரம் எளிது. பதிவுகள் யாவும் ஆலையின் பெயரிலும், ஆலையார் ஒருவரின் தொலைபேசி எண்ணிலும் இருத்தல் வேண்டும். முதன்மைக் கடவுச்சொற்களை ஒரு நோட்டில் எழுதிப் பத்திரங்களோடு பெட்டியில் வைத்துப் பூட்டுதல் நலம்; கணினி கற்றார் சிலர் இதனைக் கேட்டு நகைப்பினும், கிராமத்துச் சிற்றாலைக்கு இது தக்கதே. அயலார்க்குத் தனிப்பெயரில், வேண்டிய அளவிற்கு மட்டும் அனுமதி தந்து, வேலை முடிந்த அன்றே அதனை நீக்கிவிடுதல் வேண்டும். தொலைவிலிருந்தே ஆலைக் கணினியை இயக்கும் செயலிகளை எப்போதும் திறந்துவைத்தல் ஆகாது. அழைத்தபோது மட்டும், ஆலையார் ஒருவர் அருகிருக்கத் திறக்கலாம். கணக்குகளின் நகல் ஒன்று ஆலையிலும், மற்றொன்று வேறிடத்திலும் இருத்தல் அவசியம். நகல் எடுத்தாயிற்று என்று கேட்டு அமைதல் போதாது. ஆண்டிற்கு இருமுறையேனும் அந்நகலைக் கொண்டு கணக்கைத் திரும்ப எழுப்பிப் பார்த்தல் வேண்டும். எழுப்பிப் பாராத நகல் உண்டோ இல்லையோ என்பது தேவை நேர்ந்த அன்றே தெரியவரும்.

சட்ட விஷயம் ஒன்றைப் படித்தவர்களும் அறியாதிருக்கிறார்கள். பணம் கொடுத்து எழுதுவித்த கணினித் திட்டம் நமக்கே உரியது என்று பலர் எண்ணுகின்றனர். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினித் திட்டத்தை இலக்கியப் படைப்பு வகையிற் சேர்க்கின்றது. அச்சட்டத்தின் 17-ஆம் பிரிவுப்படி, படைப்பிற்கு முதல் உரிமையாளர் ஆக்கியோனே. சம்பள ஊழியர் தம் வேலையின்பாற் படைத்தது, மாறான உடன்படிக்கை இல்லாவிடின், முதலாளிக்கு உரியதாகும். ஒப்பந்தத்திற்கு வந்து செய்துகொடுக்கும் அயலார் சம்பள ஊழியர் ஆகார். ஆதலின் அவர் எழுதியதன் பதிப்புரிமை, எழுத்தால் மாற்றிக் கொடுத்தாலன்றி, பொதுவாக அவரிடமே நிற்கும். 19-ஆம் பிரிவு அம்மாற்றம் எழுத்தில், கையொப்பத்தோடு இருத்தல் வேண்டும் என்கின்றது. காலம் குறிப்பிடாவிடின் ஐந்தாண்டு எனவும், இடம் குறிப்பிடாவிடின் இந்தியா எனவும் கொள்ளப்படும். ஆகவே ஒப்பந்தத் தாளில், உரிமை ஆலைக்கு என்றைக்கும் எவ்விடத்தும் உரியதென ஒரு வரியும், மூலநிரலின் முழுநகலையும் ஒப்படைத்தல் வேண்டும் என ஒரு வரியும் எழுதப்படல் வேண்டும். அல்லது, உரிமை அவரிடமே இருக்க, பயன்படுத்தும் அனுமதி மட்டும் போதும் எனத் தெரிந்தே ஏற்கலாம். விலை அதற்கேற்பக் குறைதல் முறை. தாள் ஆங்கிலத்தில்தான் இருத்தல் வேண்டும் என்னும் நியதி இல்லை. இருவர்க்கும் விளங்கும் தமிழில் இரண்டு பக்கம் எழுதிக் கையொப்பமிடலாம்.

பணத்தைப் பற்றி நீட்டிக் கூறவேண்டுவதில்லை. சிறிது முன்பணமும், ஒவ்வொரு பகுதியும் நடந்து காட்டியபின் ஒரு பங்கும், பழைய நோட்டோடு ஒப்பிட்டு ஒத்துவந்தபின் எஞ்சியதும் கொடுத்தல் இருதிறத்தார்க்கும் நியாயம். முடிந்தபின் பராமரிப்பிற்கு என்ன ஊதியம், அழைத்தால் எத்தனை நாளில் வருவார் என்பதை முதலிலேயே பேசிவிடுதல் வேண்டும். பேசாதுவிட்டு, பின்னர் நள்ளிரவில் இனாமாக உழைக்கும்படி இளைஞரை வற்புறுத்தும் உரிமையாளர்களும் உளர், அது முறையன்று.

வந்தவரின் நுட்பம் ஆலையில் தங்குதற்கு வழி என்ன? கழிவுநீரினின்று எரிவாயு எடுக்கும் கலத்தை எடுத்துக்கொள்வோம். அதனைக் கட்டித்தருவோர் வெளியூர்ப் பொறியாளர். ஆயின் அதனுள்ளே வேலை செய்வன நுண்ணுயிர்கள். நீரின் புளிப்பு மிகுந்தால் அவை மடியும், வாயு நின்றுபோம். மடிந்தபின் பொறியாளர்க்குச் சொல்லியனுப்புவதாற் பயனில்லை. நாள்தோறும் புளிப்பளவைப் பார்த்துக் குறித்துவைக்க ஆலையிலேயே ஒருவர் பழகியிருத்தல் வேண்டும். கணினிக்கும் இஃதொக்கும். வேலை நடக்கும் நாளெல்லாம் ஆலையைச் சேர்ந்த ஒருவர், கணக்குப்பிள்ளையின் மகளாயினும் ஆகுக, அயலாரின் பக்கத்தில் அமர்ந்திருந்து பழகுதல் வேண்டும். போகுமுன் அவர் இல்லாமலே இவர் ஒருநாள் முழுதும் நடத்திக் காட்டுதலை ஒப்பந்தத்தின் ஓர் உறுப்பாகவே வைக்கலாம்.

எதை வெளியார் கையில் விடலாகாது என்பதற்குக் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பம் நல்ல அளவுகோல். இவ்வூரிலும் சின்னசேலத்திலும் வாழும் சிற்பிகளின் கைவண்ணத்திற்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கணினியால் இயங்கும் செதுக்குப்பொறி இன்று எளிதிற் கிடைக்கின்றது. மரத்தை அறுத்துச் சமன்செய்வதற்கும், கணக்கு எழுதுவதற்கும், அயல்நாட்டாரோடு கடிதம் நடத்துவதற்கும் பொறியையும் அயலாரையும் கொள்ளலாம். உருவத்தின் முகத்தைச் செதுக்குவதையும் பொறிக்கே விட்டுவிட்டால், எதற்காக அக்குறியீடு வழங்கப்பெற்றதோ அதுவே போய்விடும். ஒவ்வொரு தொழிலுக்கும் இத்தகைய ஒரு முகம் உண்டு. ஜவ்வரிசி ஆலைக்கு அது கிழங்கு கொண்டுவருவாரோடு பாயிண்டு பேசுமிடம் என்பது நம் கருத்து.

தனித்தனியே செலவு செய்ய இயலாதார் கூடிச் செய்யலாம். 1981-இல் சேகோசெர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் சேலத்தில் பதிவாயிற்று. தனித்தனியே விற்று இடர்ப்பட்ட சிற்றாலையார் ஒன்றுகூடிச் சேமித்து விற்க வழிகண்டது அதன் வாயிலாகவே. 2023-இல் சேலம் ஜவ்வரிசிக்கும் புவிசார் குறியீடு கிடைத்தது. விற்பனைக்குக் கூடியவர் நுட்பத்திற்கும் கூடலாம். பத்து ஆலைகள் சேர்ந்து ஒரு கணினியாளரை அமர்த்தினால், ஒவ்வோர் ஆலைக்கும் வாரத்திற்கு அரைநாள் வந்து செல்வார். அவர்க்கும் நிலையான ஊதியம் உண்டு. ஓராலையின் விலைக்கணக்கை மற்றோராலையில் உரைத்தல் கூடாது என்பதை மட்டும் தாளில் திட்டமாக எழுதிவிடுதல் வேண்டும்.

கணினி கற்ற நம் மாணவர் எவரேனும் இத்தகைய ஆலை ஒன்றிற்கு அழைக்கப்பெற்றால், முதல்நாள் தம் கணினியைப் பைக்குள்ளேயே வைத்திருக்கட்டும். எடைமேடை அருகே சீட்டு எழுதும் மேசைப்பக்கம் ஒரு முக்காலி கேட்டு வாங்கி, கிழங்கு வரும் வேளை முழுதும் அங்கே அமர்ந்திருக்கட்டும். கணக்குப்பிள்ளையின் நீண்ட நோட்டில் எத்தனை பத்திகள் கோடிட்டிருக்கின்றன, அவற்றிற்கு அவர் இட்டிருக்கும் பெயர்கள் எவை, எந்தப் பத்தியை அவர் நிரப்பாமல் விடுகிறார், எதனை ஓரத்திற் பென்சிலாற் குறிக்கிறார் என்பவற்றைப் பார்த்து எழுதிக்கொள்ளட்டும். பென்சிலாற் குறித்தவற்றைப் பற்றி மாலையில் தேநீர் வரும்போது கேட்கலாம். அப்போதுதான் அவர் ஓய்வாக இருப்பார்.